தடைக்காலமும் கழிமுகத் தூண்டிலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்று முகத்துவாரத்தில் தூண்டிலே போடக்கூடாது என்று தூண்டில் மீன்பிடி பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. தவறு. அந்த 61 நாள் தடை கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அல்ல. பக்கத்துப் பிச்சாவரம் வேறு கதை: அது காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். ஊர்க்காரர் வலை கட்டியிருக்கும் இடத்துக்கு அருகிலும் வீச வேண்டாம். சட்டத்தைவிட அங்கே ஊர்க் கட்டுப்பாடுதான் முதலில் பேசும்.

கொடுவா மீனுக்கு வெறும் தங்கூசி (நைலான் நரம்பு) போதும் என்று அக்கட்டுரை சொல்வதும் சரியில்லை. அதன் செவுள் மூடி கத்தி மாதிரி. மெல்லிய நரம்பு உரசினாலே அறுந்துவிடும். முனையில் 40 பவுண்டு இழுவை தாங்கும் லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) ஒரு மீட்டராவது கட்டுங்கள். 10 செ.மீ. உயிர் மடவை மீனை மேலுதட்டில் கோத்து, வற்றம் (நீர் இறங்குவது) தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் வாய்க்கால் வாயில் விடுங்கள். குஞ்சு மீன்கள் அப்போதுதான் ஆற்றுக்குள் இறங்கும். மீன் துள்ளும்போது கோலைத் தாழ்த்தி நரம்பை விறைப்பாக வையுங்கள். தளர்ந்தால் தலையை உதறித் தூண்டில் முள்ளைக் கழற்றிவிடும்.

ஒரு மீட்டரைத் தொடும் கொடுவா பெரும்பாலும் பெண்தான் (ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் இனம்). சட்டம் கேட்காவிட்டாலும் அதைத் திருப்பி விடலாம்.