ஒப்புதல் வேறு, நிதி வேறு
திண்டிவனம்–நகரி புதிய ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தாச்சு, இனி பணத்துக்குக் கவலையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒப்புதல் 2006-07லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதையில் வரும் ஆற்காடும் செய்யாறும் வந்தவாசியும் இன்னும் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கின்றன.

நிதி ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும், அதுவும் மற்ற பாதைகளோடு போட்டியிட்டு. 2017 முதல் தனி ரயில்வே பட்ஜெட் இல்லை என்றாலும், திட்டவாரிக் கணக்கு 'பிங்க் புக்' என்ற ரயில்வே ஆவணத்தில் வருகிறது. அதில் தெற்கு ரயில்வேயின் புதிய பாதைகள் பகுதியைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பல பாதைகளுக்கு நேராக வெறும் 1,000 ரூபாய் போட்ட ஆண்டுகளும் உண்டு! திட்டத்தைக் கைவிடவில்லை என்று காட்டத்தான் அந்தத் தொகை. ஒரு சென்ட் நிலம்கூட வாங்க முடியாது. அரக்கோணம், ஆரணி எம்.பி.க்களிடம் இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்று கேளுங்கள்.