ஒன்றும் நடக்காத ஆண்டுகளின் கணக்கு

அரசுப் பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், காட்டு எலிகளை எண்ணுவதற்கும் ஆற்றில் ஓடும் நீரை அளப்பதற்கும் பழைய பாறைகளைத் தோண்டிப் பார்ப்பதற்கும் இவ்வளவு செலவு தேவையா என்று கேட்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். வரி கட்டுபவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. கண்டுபிடிப்புகள் பெருகும், நாட்டின் மதிப்பு உயரும் என்று அறிவியலாளர்கள் வழக்கமாகத் தரும் விடைதான் எனக்கு நிறைவு தருவதில்லை. பேரிடர் நேர்ந்த பிறகு அள்ளிக் கொடுக்கும் கோடிகளைக் காட்டிலும், எதுவுமே நேராத ஆண்டுகளில் யாருடைய கண்ணிலும் படாத அளவீடுகளுக்கு ஒதுக்கும் சிறிய தொகைதான் அதிக உயிர்களைக் காக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையையும், அதன் பிறகு கொலம்பியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்தவற்றையும் வைத்தே இதைச் சொல்கிறேன். பதிவு நீளமானது.

செயின்ட் ஹெலன்ஸ் 1857-க்குப் பிறகு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக அடங்கிக் கிடந்தது. பனி மூடிய, ஒழுங்கான கூம்பு வடிவ மலை. அடிவாரத்தில் ஸ்பிரிட் ஏரி. கோடைதோறும் கூடாரமடித்துத் தங்க வரும் குடும்பங்கள். அந்த அமைதிக் காலத்தில்தான் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டுவைட் கிராண்டெல், டொனால் முல்லினோ என்ற இருவர் மலையைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைகளிலும் சாலைக்காக வெட்டிய மண்சுவர்களிலும் படிவுகளைத் தோண்டி ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வெட்டுமுகத்தில் மேலே வெளிறிய நுரைக்கல் தெரியும்; அதன் கீழே காடு வளர்ந்திருந்த காலத்துக் கருமண்; அதற்கும் கீழே மணலும் உருண்டைக் கற்களும் கலந்து இறுகிப்போன பழைய சேற்றுப் பெருக்கு; அதன் அடியில் மறுபடியும் சாம்பல். அந்தச் சேற்றில் சிக்கிக் கருகிய மரத்துண்டில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்தால், மரம் மடிந்த காலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். இப்படி அடுக்கடுக்காகக் காலத்தைக் கணித்து, கடந்த 4,500 ஆண்டுகளில் கேஸ்கேட் மலைத்தொடரிலேயே மிக அடிக்கடி, மிகக் கடுமையாக வெடித்த எரிமலை இதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். இது மீண்டும் வெடிக்கும், இந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கூட வெடிக்கலாம் என்று 1978-இல் வெளியான அறிக்கையில் எழுதினார்கள்; எந்தப் பள்ளத்தாக்கில் சேறு பாயும், எந்தப் பக்கம் சாம்பல் விழும் என்பதையும் அதில் குறித்திருந்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1980 மார்ச் 20 அன்று மலைக்கு அடியில் 4.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஒரு வாரத்தில் உச்சியிலிருந்து நீராவி பீறிட்டது. அதன் பிறகு மலையின் வடக்குச் சரிவு வெளிப்புறமாக வீங்கத் தொடங்கியது. உள்ளே ஏறி வந்த கற்குழம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வீதம் மலையை வெளியே தள்ளிக் கொண்டிருந்தது. சரிவில் பொருத்திய பிரதிபலிப்பான்களை நோக்கி லேசர் கதிரை அனுப்பி அந்த நகர்வை நாள்தோறும் அளந்தார்கள். மே 18, ஞாயிறு காலை 8.32 மணிக்கு 5.1 அளவுள்ள நிலநடுக்கத்தில் அந்த வடக்குச் சரிவு முழுவதும் பெயர்ந்து விழுந்தது. மூடி கழன்றதும் பக்கவாட்டில் சீறிய வெடிப்பு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. மலை 400 மீட்டர் உயரத்தை இழந்தது. 57 பேர் இறந்தார்கள்.

அந்த நிமிடத்தை அறிவியல் முன்கூட்டிச் சொன்னதா என்றால், சொல்லவில்லை. அன்று காலை எடுத்த அளவுகளில்கூட வழக்கத்துக்கு மாறான எதுவும் தென்படவில்லை. பத்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு மேட்டில் அளவெடுத்துக் கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற முப்பது வயது அறிவியலாளர், வெடிப்பு தொடங்கியதைக் கம்பியில்லாத் தொடர்புக் கருவியில் அறிவித்த கையோடு மாண்டுபோனார். அந்த இடத்தில் அதற்கு முந்தைய வாரங்களில் காவலிருந்தவர் ஹாரி கிளிக்கன் என்ற மாணவர். ஒரு நேர்காணலுக்காக அவர் கிளம்பியதால்தான் ஜான்ஸ்டன் அங்கே போய் அமர்ந்தார். கிளிக்கனின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

நிமிடத்தைச் சொல்ல முடியாத அந்த அறிவியல் காப்பாற்றியது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். மலையைச் சுற்றி ஆள் நடமாட்டத்தைத் தடுத்திருந்தார்கள். அந்தத் தடை இல்லாதிருந்தால், நல்ல வெயிலடித்த அந்த வசந்தகால ஞாயிற்றுக்கிழமையில் ஏரிக்கரையில் எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் தடைக் கோட்டின் ஒரு பகுதி அறிவியலைப் பின்பற்றி வரையப்படவில்லை. மரத் தொழில் நிறுவனம் ஒன்றின் நில எல்லையை ஒட்டி வரையப்பட்டது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் மிகக் கடுமையான தடைப் பகுதிக்கு வெளியே, சட்டப்படி தாங்கள் இருக்கக்கூடிய இடத்தில்தான் இருந்தார்கள். மலையடிவாரத்தில் வீடு வைத்திருந்தவர்களின் நெருக்குதலால் மே 17 அன்று அவர்களைக் காவலோடு உள்ளே அழைத்துச் சென்று பொருள்களை எடுத்துவர விட்டார்கள். அடுத்த குழு மே 18 காலை பத்து மணிக்குப் போவதாக இருந்தது. ஒன்றரை மணி நேர வித்தியாசம்! இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். நான் நிர்வாகத்தின் தோல்வி என்றே சொல்வேன்.

வெடிப்போடு கதை முடிந்திருந்தால் இது எரிமலைக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். சேற்றுப் பெருக்கு டூட்டில் ஆற்றின் வழியாக இறங்கி, கவுலிட்ஸ் ஆற்றைக் கடந்து கொலம்பியா ஆற்றில் கலந்ததில், 12 மீட்டர் ஆழமிருந்த கப்பல் தடம் 4 மீட்டராகத் தூர்ந்தது. மலையிலிருந்து வெகு தொலைவில் கப்பல்கள் நகர முடியாமல் நின்றன. சரிந்த மண் ஸ்பிரிட் ஏரியின் வடிகாலை அடைத்துக்கொண்டது. மழையிலும் பனி உருகலிலும் ஏரி ஏற ஏற, அந்தத் தளர்ந்த மண்ணணை உடைந்தால் கீழேயுள்ள ஊர்களின் கதி என்ன என்ற கவலை எழுந்தது. முதலில் பம்புகளை வைத்து நீரை இறைத்தார்கள், பிறகு 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து 1985-இல் சுரங்க வடிகால் அமைத்தார்கள். இன்றும் அந்த ஏரிக்கு அதுதான் வடிகால். அவ்வப்போது பழுது பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஏரியின் மட்டம், ஆற்றின் வண்டல் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்காமல் இவற்றில் ஒன்றையும் திட்டமிட்டிருக்க முடியாது. இதே ஆய்வு மையம் 1889-இல் நியூ மெக்சிகோவின் எம்புடோ என்ற சிற்றூரில் தன் முதல் நீரளவு நிலையத்தை அமைத்தபோது, ஆற்றுநீரை அளக்க ஆள் பழக்குகிறார்கள் என்பதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்தச் சாம்பல் வெளியில் உயிர்கள் திரும்பிய கதை. மான், கரடி போன்ற பெரிய விலங்குகள் மட்டும் ஏறக்குறைய 7,000 மடிந்தன. சுற்றியுள்ள பசுங்காட்டின் விளிம்பிலிருந்து உயிர்கள் மெல்ல மெல்ல உள்ளே வரும் என்றே சூழலியலாளர்கள் எதிர்பார்த்துப் போனார்கள். போனவர்கள் கண்டதோ, சாம்பலுக்கு அடியிலிருந்து உயிர் மேலே வருவதை. மே மாதமாதலால் பல இடங்களில் பனி இன்னும் உருகவில்லை. ஏரிகள் சில உறைந்தே கிடந்தன. காலை எட்டரை மணிக்கு இரவு விலங்குகள் வளைக்குள் திரும்பியிருந்தன. கோஃபர் என்ற, எலி போன்ற, வளை தோண்டும் சிறு விலங்கு, நிலத்தடியில் வேர்களைத் தின்று பிழைத்துக் கிடந்தது. அது வளையைத் தோண்டித் தோண்டி அடியிலிருந்த பழைய காட்டுமண்ணைச் சாம்பலுக்கு மேலே தள்ள, அந்த மண்ணோடு விதைகளும் பூஞ்சைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. வெட்டவெளியில் வறண்டு சாக வேண்டிய தவளைகளும் சாலமாண்டர்களும் அந்த வளைகளுக்குள் ஒதுங்கின. வெறும் நுரைக்கல் பரப்பில் முதலில் வேர் பிடித்தவற்றுள் லூபின் என்ற அவரைக் குடும்பச் செடி முக்கியமானது. தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருவதால் நைட்ரஜனுக்கு அதற்கு மண்ணின் தயவு தேவைப்படவில்லை.

1983-இல் சில ஆய்வாளர்கள் நுரைக்கல் பரப்பின் சிறு துண்டுகளில் கோஃபர்களை ஒரே ஒரு நாள் விட்டு, தோண்டவிட்டு, திரும்பப் பிடித்துக் கொண்டார்கள். ஆறு ஆண்டுகளில் அந்தத் துண்டுகளில் 40,000 செடிகள் வளர்ந்திருந்தன. பக்கத்து நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த மண்ணின் நுண்ணுயிர்களில் அந்த ஒரு நாளின் விளைவு தெரிகிறது என்று 2024-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எலியை ஒரு நாள் மண்ணில் விட்டு நாற்பது ஆண்டுகள் காத்திருக்கப் போகிறோம் என்று விண்ணப்பம் எழுதினால் எந்த நிதிக்குழு கையெழுத்துப் போடும்? இது நடந்ததற்குக் காரணம், 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,10,000 ஏக்கர் நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்து, அதை இயற்கையின் போக்கில் விட்டதுதான். மரம் நட்டுப் பசுமையாக்கி விழா எடுக்கும் ஆசையை அந்த எல்லைக்குள்ளாவது அடக்கிக் கொண்டார்கள்.

இனி கொலம்பியா. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1984-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே உறுமிக் கொண்டிருந்தது. அதன் பனியுருகிப் பாய்ந்த சேறு 1845-இல் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றிருந்தது. ஆர்மெரோ நகரம் அதே சேற்றுப் படிவின் மீதுதான் கட்டப்பட்டிருந்தது. இந்த விவரங்களையெல்லாம் திரட்டி அபாய வரைபடம் தயாரானது 1985 அக்டோபரில். நவம்பர் 13 இரவு ஒன்பது மணியளவில் மலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. உச்சியின் பனியில் ஒரு பகுதி உருகியது, அவ்வளவுதான். சேறு ஆர்மெரோவை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. பக்கத்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். வீட்டுக்குள் அமைதியாக இருக்கச் சொன்ன அறிவிப்புகளை நம்பி இருந்தார்கள். 23,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். வரைபடம் சரியாகத்தான் இருந்தது. அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே வரையப்பட்டு, பள்ளியிலும் நகராட்சியிலும் தேவாலயத்திலும் தொங்கிப் பழக்கமாகியிருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தது போலத்தான், அமெரிக்கா அடுத்த ஆண்டு எரிமலைப் பேரிடர்களில் பிற நாடுகளுக்கு உதவத் தனிக்குழு ஒன்றை உருவாக்கியது. ஆனாலும் அந்தக் குழு வீண்போகவில்லை.

1991 ஏப்ரலில், ஐந்நூறு ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த பிலிப்பைன்ஸின் பினாடுபோ விழித்தது. ரைமுண்டோ புனோங்பயான் தலைமையிலான அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனமும் அமெரிக்கக் குழுவும் சேர்ந்து நில அதிர்வுமானிகளை நட்டு, கந்தக டை ஆக்சைடை அளந்து, பழைய படிவுகளைத் தோண்டி, அபாய வரைபடம் வரைந்து, ஐந்து நிலை எச்சரிக்கை முறையை வகுத்தார்கள். சாம்பல் பாய்ச்சல் (கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் அதிவேகமாகப் பாய்ந்து வருவது) என்றால் என்னவென்றே அறியாத மக்களையும் அதிகாரிகளையும் நம்பவைக்க, பிரெஞ்சு எரிமலையியலாளர் மொரிஸ் கிராஃப்ட் படமெடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்த நாள்களிலேயே, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் கிராஃப்ட்டும் அவர் மனைவி காத்யாவும் இறந்தார்கள். அவர்களோடு இறந்தவர் அதே ஹாரி கிளிக்கன். பன்னிரண்டு நாள் கழித்து, சூறாவளியும் சேர்ந்து வீசிய ஜூன் 15 அன்று, பினாடுபோ அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்றாக வெடித்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை அமுக்கியதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மலைச்சரிவில் வாழ்ந்த ஐட்டா பழங்குடியினரின் குழந்தைகளை முகாம்களில் தட்டம்மை கொண்டுபோனது. ஆயினும் பல்லாயிரம் பேரை முன்னதாகவே அகற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

இதை இரண்டு மாத வேலையின் வெற்றி என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் எந்த அளவு ஆபத்தானது, எந்த அளவு சாதாரணமானது என்று படிக்கத் தெரிந்திருந்தது, செயின்ட் ஹெலன்ஸில் 1980-க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் சிறு சிறு வெடிப்புகளை ஒவ்வொன்றாக அளந்து பழகியதனால்தான். இதே வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் எரிமலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்கில், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த சேற்றின் மீது, ஆர்டிங் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே 1998 முதல் சேற்றுப் பெருக்கைக் கண்டறியும் கருவிகள் இயங்கி வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்து போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்தக் கருவிகள் ஒரு முறைகூட உண்மையான பெருஞ்சேற்றுக்காக ஒலித்ததில்லை. அவற்றின் பராமரிப்புத் தொகையை அடுத்த ஆண்டுக்கும் ஒதுக்க வேண்டுமா என்று ஓர் அலுவலர் கேட்டால், ஆம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.