சங்குக்குப் போட்டவன் கேட்கிறேன், சேர் செய்த குற்றம் என்ன?

2024 ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கத் தேவையில்லை. இருந்தவர்கள் பார்த்தார்கள், இல்லாதவர்களுக்கு விடிய முதலே யாராவது ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருப்பார்கள். ஜனாதிபதி வேட்பாளர் சஜித்தின் கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சேர் கதிரையில் இருக்கிற படத்தைப் போட்டு, தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் கீறி, கீழே துரோகி என்றும் எழுதி, அவர் ஒரு வரி பதில் எழுத முதலே குழுமத்திலிருந்து நீக்கியும் விட்டார்கள். அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. கைதட்டியவர்களில் பாதிப் பேருக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தந்தவர் அந்த மனிசன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சங்குக்குப் போட்டவன். சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், போட்ட எங்களுக்கும் தெரியும். யுத்தம் முடிந்து 15 வருடமாகியும் எங்கள் பிரச்சினை தீரவில்லை என்பதை வாக்குப் பெட்டியால் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், போட்டேன். அடுத்த முறையும் ஒரு பொது வேட்பாளர் நின்றால் போடுவேன். இதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை.

சேர் சஜித்துக்குப் போட்டார். அது அவருடைய வாக்கு. அதில் எனக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் வேலை இல்லை.

துரோகி என்று எழுதிய தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். யாழ்ப்பாண மாவட்ட முடிவைப் பார்த்தீர்களா? சஜித்துக்கு 121,177. சங்குக்கு 116,688. அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு 84,558. கடைசியில் வென்ற அநுரவுக்கு 27,086. முதல் இரண்டு பேருக்கும் இடையில் 5,000 வாக்குக்கூட வித்தியாசம் இல்லை. உங்கள் கணக்குப்படி பார்த்தால் இந்த மாவட்டத்தில் சங்குக்குப் போடாத எல்லோரும் துரோகிகள். அதாவது போட்டவர்களை விடப் போடாதவர்கள் இரண்டு மடங்கு. அத்தனை பேரையும் எந்தக் குழுமத்திலிருந்து நீக்கப் போகிறீர்கள்? உங்கள் வீட்டுக்குள்ளேயே எத்தனை பேர் சங்குக்குப் போட்டார்கள் என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா?

கட்சிக்குள்ளேயே ஒரு முடிவு இருக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று வவுனியாவில் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு கூடி சஜித்துக்கு ஆதரவு என்றது, சுமந்திரன் அதை அறிவித்தார். அதே கட்சியின் சிறீதரன் சங்குக்கு மேடை ஏறினார். அரியநேத்திரனே அந்தக் கட்சிக்காரர்தான். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் கஜேந்திரகுமார் தேர்தலையே பகிஷ்கரியுங்கள் என்றார். ஈ.பி.டி.பி.யின் டக்ளஸ் ரணிலோடு நின்றார். இத்தனை வருடம் அரசியல் செய்தவர்கள் நாலு பக்கம் நின்ற ஒரு விஷயத்தில், எழுபது தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் உங்கள் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டுமா? தலைவர்கள் நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால் கை கொடுத்துச் சிரிப்பார்கள். நீங்கள் சேரின் வீட்டுப் படலைக்கு முன்னால் எப்படிப் போவீர்கள்?

சேர் ஏன் அப்படிப் போட்டார் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்களா? நான் கேட்டேன். அவருடைய காணி வலிகாமம் வடக்கில். 1990 இல் விட்டுவிட்டு வந்தது. 2015 இல் மைத்திரி ஜனாதிபதியாகி ஆட்சி மாறின பிறகுதான், இராணுவம் பிடித்து வைத்திருந்த அந்தப் பக்கக் காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். சேருக்குக் கிடைத்தபோது நானும் கூடப் போனேன். வீடு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு நாயுருவியும் காட்டாமணக்கும். கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம், அதிலும் ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. சேர் பற்றையை விலக்கிக்கொண்டு போய் அந்தக் கட்டில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். “2015 இல நாங்கள் போட்ட வாக்கு இந்தக் கிணத்தைத் தந்தது தம்பி. பக்கத்துக் காணிக்காரன் இன்னும் வேலிக்கு வெளியில நிக்கிறான். அவனுக்கும் கிடைக்கவேணும்” என்றார். கொழும்பில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து வேலி நகரும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. மைத்திரி தந்ததை விடத் தராமல் விட்டதுதான் அதிகம் என்பது என் வாதம். அதை அவரிடமே முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு மறுத்துப் பேசினார். பேசி முடிய இரவு எட்டு மணியாகிவிட்டது. இதற்குப் பெயர்தான் அரசியல் கதைக்கிறது.

இன்னொன்று. தேர்தலுக்கு முதல் கிழமை வாசிகசாலையில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாக்குச்சீட்டை வரைந்து 1, 2, 3 என்று விருப்பு வாக்கு எப்படிப் போடுவது என்று விளங்கப்படுத்தினாரே, அதுவும் இப்போது குற்றப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. “சங்குக்கு 1 போடுறவை 2 ஐ வீணாக்காதேங்கோ” என்றாராம், அது சஜித்துக்கு மறைமுகமாக வாக்குக் கேட்டதாம். நான் அங்கே இருந்தவன். யாருக்கு 2 போடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் என்ன நடந்தது? யாருக்கும் 50 வீதம் வராமல், இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்தது. எங்கள் ஊர்ச் சனத்துக்கு அதை ஒரு தாளில் கீறிக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

“எதிரிக்கு வாக்குப் போட்டவனை வேறு எப்படிச் சொல்வது” என்று ஒருவர் எழுதியிருந்தார். 2010 ஜனாதிபதித் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்கச் சொல்லித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. யாழ்ப்பாணத்தில் அவர்தான் முதலிடம். அதே தேர்தலில் சிவாஜிலிங்கமும் நின்றார், நாடு முழுவதும் 10,000 வாக்குக்கூட விழவில்லை. அன்றைக்கு பொன்சேகாவுக்குப் போட்டவர்களில் உங்கள் அப்பா அம்மாவும் இருப்பார்கள். ஜனாதிபதியாக இருந்த மகிந்தவை இறக்க வேறு வழி தெரியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். சனம் ஒவ்வொரு தேர்தலிலும் இப்படித்தான் தங்களுக்கு முன்னால் இருக்கிற பாதைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறது.

2005 ஐயும் சொல்லத்தான் வேண்டும். நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். புறக்கணிப்பு என்று புலிகள் இயக்கம் சொல்லிவிட்டது. யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. என் அப்பா ரணிலுக்குப் போட விரும்பியவர். சமாதானம் தொடர அதுதான் ஒரே வழி என்று நம்பினார். சித்தப்பா புறக்கணிப்புத்தான் சரி என்று நின்றவர். அன்று காலையில் அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, சேட்டுப் பையில் வாக்காளர் அட்டையை வைத்துக்கொண்டு விறாந்தையில் வந்து இருந்தார். வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மத்தியானம் சித்தப்பாவும் அவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. அப்பா எழும்பிப் போய் வேட்டியை மாற்றினார். ரணிலுக்கு எதிராக நின்ற மகிந்த வென்றது சுமார் 180,000 வாக்கு வித்தியாசத்தில். அதன் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. சித்தப்பா பிழை, அப்பா சரி என்று சொல்ல இதை எழுதவில்லை, ரணில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் மனதில் நிற்பது பையில் அட்டையோடு காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு மனிசன் தன் வீட்டு விறாந்தையிலேயே இருந்ததுதான். அன்றைக்கு அப்பாவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. இன்றைக்கு யாரும் யாரையும் தடுக்கவில்லை. சேர் நிமிர்ந்து நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தவருக்கு நாங்கள் கொடுத்தது சிவப்பு வட்டம்.

“நீ சுமந்திரனின் ஆள், சங்கு என்று சும்மா சொல்கிறாய்” என்று இதற்குக் கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதுங்கள். நம்பாதவருக்கு நான் வாக்குச்சீட்டைப் படமெடுத்துக் காட்டமுடியாது, அது சட்டவிரோதம்.

“இப்படிப் பிரிந்து போட்டதால்தானே தோற்றோம்” என்கிறீர்கள். இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஒரே பக்கம் நின்றிருந்தால் சங்குக்கு நாடு முழுவதும் கிடைத்த 226,343 இன்னும் கூடியிருக்கும். ஆனால் சனத்தைச் சேர்க்கிற வேலை தேர்தலுக்கு முதல் செய்யவேண்டியது. வீடு வீடாகப் போனீர்களா? சேரின் வீட்டுக்கு ஒருவராவது போய், சேர் இதனால்தான் சங்குக்குக் கேட்கிறோம் என்று சொன்னீர்களா? போகவில்லை. எனக்குத் தெரியும். அவரே சொன்னார், “என்னட்ட ஒருத்தரும் வரேல்லை” என்று. வாக்குக் கேட்டு வராதவர்கள் முடிவு வந்த இரவு கணக்குக் கேட்க வந்துவிட்டார்கள்.

நீக்கியவர் ரொறன்ரோவில் இருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அரசியல் பேச உரிமை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாசிகசாலைக்குக் கூரை போட்டது உங்கள் காசு. கோயில் கேணி துப்புரவாக்கியதும் உங்கள் காசு. நன்றி மறக்கவில்லை. ஆனால் தம்பி, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காணிக்காக நாளைக்குக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடக்கப்போவது இங்கே இருக்கிறவர்கள். முடிவு பிழைத்தால் அதை அனுபவிக்கப்போவதும் இவர்கள்தான். நீங்கள் பத்து வயதில் படித்துவிட்டுப் போன பள்ளிக்கூடத்தில் சேர் முப்பது வருடம் படிப்பித்தார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு மாமரத்துக்குக் கீழே சாக்கு விரித்து எங்களுக்கு வகுப்பு வைத்தார், கரும்பலகைக்குக் கதவுப் பலகை. இதற்காக அவருக்கு விலக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளும் படிப்பிக்காத, ஒரு காணியும் இழக்காத ஒருவர் சஜித்துக்குப் போட்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். சேர் என்பதால் எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அவர் என்னிடம் ஒன்றும் முறையிடவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் போனபோது “போன்ல ஏதோ பிழை போல, குழுமத்தைக் காணேல்லை, ஒருக்கா பார் தம்பி” என்று போனைத் தந்தார். அவருக்கு அந்தப் படம் தெரியாது. நான் என்ன சொல்ல? பிறகு பார்க்கிறேன் சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் வாசிகசாலைக்குப் பேப்பர் வாசிக்க வரவில்லை.

பாராளுமன்றத்தையும் கலைத்தாயிற்று. 2024 நவம்பர் 14 இல் அடுத்த தேர்தல் என்று அறிவித்தும் விட்டார்கள். வீடு, சங்கு, சைக்கிள், திசைகாட்டி என்று சின்னம் சின்னமாக ஊர் இன்னும் பல பக்கமாகப் பிரியத்தான் போகிறது. இன்னும் எத்தனை படத்தில் வட்டம் கீறப் போகிறீர்கள்?

அட்மின்மார் மூன்று பேருக்கும் சொல்கிறேன். அந்தப் படத்தை அழியுங்கள். சேரைத் திரும்பச் சேருங்கள். சேர்த்துவிட்டுக் குழுமத்திலேயே, எல்லோரும் பார்க்க, மன்னிப்புக் கேளுங்கள், தனியாகப் போன் பண்ணிக் கேட்டது கணக்கில் வராது. அதுவரை சனசமூக நிலையக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன், கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.