இனிஷியலோடு பிறந்த பாவம்

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக இருந்துவிட்ட எங்களுக்கு, குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறை என்பதே வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, சொந்தப் பெயருக்கான இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’) என்று அச்சிட்டுவிடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் என் தம்பியின் வங்கி அட்டை முதல் ஓட்டுநர் உரிமம் வரை அந்த மூன்றெழுத்துதான் நிற்கிறது. மருத்துவமனையில் செவிலியர் அழைப்பதும் அப்படியே. ஐக்கிய அரபு அமீரகமும் சுற்றுலா விசாவில் வருவோருக்கு ஒற்றைப் பெயர் போதாது என்று 2022 நவம்பரில் அறிவித்துவிட்டது.

சரி, அப்பா பெயரைச் சேர்த்துவிடலாம் என்றால், பள்ளிச் சான்றிதழில் வெறும் ‘கே’, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இல்லை. மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதப் பாரிமுனைக்கு அலைய வேண்டியிருக்கிறது. (அங்கே நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.) இதற்கிடையில் அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருப்பதால், பிள்ளைக்கும் தாய்க்கும் உறவு உண்டு என்று நிரூபிக்கத் தனியாக ஒரு கோப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது.