ஆயுள் முழுவதும் செல்லும் அட்டையைக் காலாவதி என்கிறார்கள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஒரு தடவை போட்டுக்கொண்டால் அதற்கான சர்வதேசச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்ற விதி 2016 யூலை 11 ஆம் திகதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. பயணச்சீட்டு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அது தெரியவில்லை என்றால், அந்த அறியாமைக்கான செலவை நான் ஏன் என் மடியிலிருந்து அவிழ்க்க வேண்டும்?

இன்று காலை, மறுபடியும் உகண்டாவுக்கு வேலைக்குப் போவதற்காக, திருகோணமலை நகரில் உள்ள ஒரு முகவர் நிலையத்தில் கடவுச்சீட்டையும் அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையையும் கொடுத்தேன். மேசையில் இருந்த தம்பி அட்டையைப் பிரித்து, 2013 இல் போட்ட ஊசியின் தொகுதி இலக்கம், மருத்துவரின் கையெழுத்து, நீல முத்திரை எல்லாவற்றையும் தாண்டிப்போய், பழைய பத்து ஆண்டு விதிப்படி முடிவுத் திகதியாக மங்கிய மையில் இருந்த 2023 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, “ஐயா, இது முடிஞ்சுபோச்சு” என்றார். விதி மாறிவிட்டது, பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும், பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதற்காக எந்த நாடும் அதை மறுக்க முடியாது என்று பொறுமையாகவே சொன்னேன். அவர் மறுபடியும் அதே எண்ணைத் தொட்டுக் காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பைக் கைபேசியில் எடுத்து நீட்டினேன். அதை வாசிக்காமலே கொழும்புக்கு அழைப்பெடுத்தார். கொழும்பில் இருந்தவர் அட்டையைக் கண்ணால் காணாமலே காலாவதி என்று தீர்ப்புச் சொன்னார். நான் விதியைச் சொல்ல, தம்பி எண்ணைக் காட்ட, எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர் சொன்ன வார்த்தைதான் இன்னும் நெஞ்சில் எரிகிறது: “ஓர் ஊசிதானே ஐயா, போட்டுக்கொண்டு வாங்கோவன்.”

ஓர் ஊசிதானே! அதற்காக இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கிக் கொழும்புக்குப் போய், பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் காத்திருந்து, பணம் கட்டி, மறுபடியும் இரவு பஸ் பிடிக்க வேண்டும். புதிய ஊசி பத்து நாட்கள் கழித்துத்தான் செல்லுபடியாகுமாம். ஆகவே பயணத் திகதியையும் தள்ளிப் போட வேண்டுமாம். முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்கு உரிய அந்தக் காத்திருப்பை, ஏற்கெனவே போட்டு முடித்த என் தலையிலும் கட்டுகிறார்கள்.

நான் தடுப்பூசிக்கு எதிரானவன் அல்லன். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி நுளம்புதான் நம்மிடம் டெங்குவையும் பரப்புகிறது. 2017 இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆசியாவில் வேரூன்றாத அந்த நோய் இங்கே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, நோய் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் இலங்கை சான்றிதழ் கேட்பது முற்றிலும் நியாயம். உகண்டா கேட்பதும் நியாயம். இரண்டு நாடுகளும் கேட்காத இரண்டாவது ஊசியை இடையில் இருக்கும் ஒரு மேசை கேட்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த விதி நடைமுறைக்கு வந்த அதே 2016 இல், தடுப்பூசி போதாமல் கொங்கோவின் கின்ஷாசா நகரில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு மருந்தைத்தான் போட்டார்கள். ஒரு முழு அளவு மருந்து அங்கே ஐந்து பேரைக் காத்தது. அப்படிப்பட்ட மருந்தை, ஏற்கெனவே பாதுகாப்புப் பெற்ற என் கையில் வீணாக ஏற்றச் சொல்கிறார்கள். என்னைப் போல விதியை எடுத்துக் காட்டத் தெரியாமல், சொன்னபடியே கடன் வாங்கிக் கொழும்புக்குப் போய்வந்த எத்தனை தொழிலாளர்கள் இந்த மாவட்டத்தில் இருப்பார்களோ என்று நினைக்கும்போது கோபம் இரட்டிப்பாகிறது.

என் சான்றிதழ் செல்லாது என்பதைக் கையெழுத்திட்டு எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அப்படித் தருவதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். எழுதித் தர அதிகாரம் இல்லாதவர்களுக்கு என் பயணத்தை நிறுத்தும் அதிகாரத்தை யார் கொடுத்தது? நாளைக்கு அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு மறுபடியும் போகிறேன். ஒன்று பயணச்சீட்டு, இல்லையென்றால் எழுத்தில் மறுப்பு, இரண்டில் ஒன்றை வாங்காமல் அந்தக் கதிரையை விட்டு எழும்பப் போவதில்லை.