சோதனை பண்ணலையாம்!

வியாழக்கிழமை கருத்தரங்கில் என் ஆய்வை வாசித்தபோது நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "சோதனையே பண்ணலை, அப்புறம் இது என்ன ஆராய்ச்சி?" என்றதும் முன்வரிசை சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் ஆய்வு கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியது. எல்லார் வீட்டிலும் தமிழ்தான். சிலர் தமிழ் மீடியம், சிலர் மலையாள மீடியம். இவர்களின் வாசிப்பை ஒப்பிட்டேன். இதில் சோதனை என்றால் சீட்டுக் குலுக்கி, "நீ தமிழ், நீ மலையாளம்" என்று பிள்ளைகளைப் பிரித்துப் போட வேண்டும். எந்த அம்மா விடுவாள்? ஏற்கெனவே பிரிந்து கிடப்பதைத்தான் ஒப்பிட முடியும். காரண ஒப்பீட்டு ஆய்வு என்று இதற்குப் பெயரே உண்டு ஐயா.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் யாரையாவது பிடித்து உட்கார வைத்து சிகரெட் பிடிக்கச் சொன்னார்களா? 1950இல் நுரையீரல் புற்றுநோய் வந்த 709 பேரிடமும், வேறு நோயில் படுத்திருந்த 709 பேரிடமும் பழக்கத்தைக் கேட்டார்கள். அது பழையதைக் கிளறுவது. 1951இல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, பதில் எழுதிய சுமார் 40,000 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அது காத்திருந்து பார்ப்பது. ஐம்பது வருடம் ஓடியது. இரண்டிலும் சோதனை இல்லை. அப்போதும் ஃபிஷர் போன்ற புள்ளியியல் மேதையே சிகரெட்தான் காரணம் என்பதை ஏற்கவில்லை. அவரே பைப்பில் புகை பிடித்தவர், சொல்லி வைக்கிறேன்.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, மாதா மாதம் கிணற்றில் எத்தனை படி தெரிகிறது என்று காலண்டரில் குறித்து வைப்பார். பதினோரு வருடக் காலண்டர் பரணில் கிடக்கிறது. மழையை நிறுத்திப் பார்த்தா குறித்தார்? சரி, பக்கத்துத் தோட்டத்து போர்வெல்தான் தண்ணீரை இழுக்கிறது என்று சண்டைக்குப் போனார். அதே வருடங்களில் மழையும் குறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

"பார்த்தீங்களா, காரணத்தை உறுதியாச் சொல்ல முடியாதே" என்று வருவீர்கள். முடியாதுதான். வீட்டு வருமானம், பெற்றோர் படிப்பு எல்லாம் குறுக்கே வரும் என்று ஆய்வுக் கட்டுரையின் பன்னிரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். படித்தால்தானே!

சிரிப்புகூடப் பரவாயில்லை. நான் மலையாளத்தில் பதில் சொன்னபோது, "பார்டர் மலையாளம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது எந்த ஆய்வு முறையில் வருகிறது?

சாயங்காலம் டீ குடிக்கும்போது அந்தப் பெரியவரே வந்து, என் அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன். இன்னும் நீல டிக் விழவில்லை.