யூரியா போட்டால் நெல்லின் டி.என்.ஏ. மாறுமா?

"யூரியா போட்ட நெல்லில் நைட்ரஜன் டி.என்.ஏ.வுக்குள் புகுந்துவிடும். அடினைன் தைமினை விட்டுவிட்டுக் குவானைனோடு ஜோடி சேரும். மாப்பிள்ளைச் சம்பாவில் இது நடக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மன்னார்குடிப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கும் டி.என்.ஏ.வில் இயல்பாகவே இருக்கும், நைட்ரஜன் கொண்ட காரங்கள். இவை எல்லா நெல்லிலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு. அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேரும், குவானைன் சைட்டோசினோடு மூன்றால் சேரும். அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்டவை, மற்ற இரண்டும் ஒற்றை வளையம். டி.என்.ஏ. ஏணியின் படிகள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டுமென்றால் பெரியதோடு சிறியதுதான் சேர முடியும். நகலெடுக்கும்போது எப்போதாவது தப்பாகச் சேர்ந்தாலும் பெரும்பாலும் செல்லே திருத்திவிடும். உரத்துக்கு இதில் வேலையே இல்லை.

அப்புறம், பசுந்தாள் உரமாக மடக்கி உழுத தக்கைப்பூண்டும் சரி, யூரியாவும் சரி, கடைசியில் வேருக்குக் கொடுப்பது அதே அம்மோனியமும் நைட்ரேட்டும்தான்.

யூரியா கூடினால் வேறு கேடு உண்டு. தோகை கரும்பச்சையாகும், புகையான் பூச்சி பெருகும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும். மேலுரம் போடும் முன், பச்சை நிறங்களை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டையைத் தோகையோடு ஒட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3-ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண் நிறம்தான் அளவு. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் போடுங்கள்.